மூன்று என்ஜினும் ஒரு வலத்துக்காளையும்

எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் மழை இறங்கியபோது எம்.ரெட்டியபட்டிச் சுற்றுவட்டாரத்திலேயே முகம் சுளித்தவன் ஒருத்தன்தான் இருப்பான். அவன் பெயர் சங்கரபாண்டியன். மூன்று வருஷமாக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்துபோன ஜனங்கள் தெருவில் இறங்கி நனைந்துகொண்டு நின்றார்கள். பெண்கள் குடம், குண்டான், ஈயச்சட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கூரைத்தண்ணி விழும் இடத்தில் வரிசையாக வைத்தார்கள். இவன் மட்டும் தொழுவத்து வாசலில் ஸ்பானரும் கையுமாக நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

முறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் வெளியே சொல்ல முடியாத காரணம். மழை பெய்துவிட்டதே என்று வருத்தப்படுகிற ஒருத்தனுக்கு அந்தச் சீமையில் யார் வீட்டிலும் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

சங்கரபாண்டியன் அருப்புக்கோட்டையில் ஒரு பம்புசெட்டுக் கடையில் பிட்டர். கிணற்று என்ஜின்களைப் பிரித்து மாட்டுவது அவன் வேலை. ஊரில் அவன் மனைவி சௌந்தரத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை இருந்தது. மானாவாரி. வானம் கொடுத்தால் உண்டு.

அந்த ஊரில் ஜோடி மாடு கட்டித் தீனி போட முடிந்த வீடுகள் ஏழெட்டுத்தான். மற்ற வீடுகளில் ஆளுக்கு ஒரு காளை. உழவு வந்தால் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஏர் பூட்டுவார்கள். கூட்டேர் என்று பெயர். சங்கரபாண்டியனுக்குக் கூட்டு, அடுத்த புஞ்சைக்காரன் மொக்கையன். மொக்கையனின் காளை இடத்துக்காளை, கன்றிலிருந்து நுகத்தின் இடப்பக்கமே பழகியது. சங்கரபாண்டியன் வீட்டுக்காளை வலத்துக்காளை. பக்கம் மாற்றிப் பூட்டினால் இரண்டும் உழவை விட்டுவிட்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எட்டு வருஷமாக அந்த இரண்டும் ஒரு ஜோடி. இரண்டு வீட்டுக்கும் அதனால்தான் ஏர் ஓடியது.

பஞ்சம் தொடங்கிய முதல் வருஷம் விதைத்தது முளைத்துக் கருகியது. இரண்டாம் வருஷம் விதைக்கவே இல்லை. மூன்றாம் வருஷம் வைக்கோல், சோளத்தட்டை எதுவும் எந்த விலைக்கும் அகப்படவில்லை. கிணறுகள் வற்றியதால் என்ஜின்கள் ஓடவில்லை, ஓடாத என்ஜின் பழுதாகாது, கடை முதலாளி இவனைக் கூப்பிட்டு வேலை வந்தால் சொல்லி விடுகிறேன் என்று அனுப்பிவிட்டார். கையில் தொழில் இருந்தும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி எரிச்சல் உலகத்தில் வேறு இல்லை. அவன் வீட்டில் இருந்த கதவுக் கொண்டியையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினான். சௌந்தரம் அம்மியை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பாலவனத்தத்து ஆண்டிச்சாமி தன் கிணற்று என்ஜினைக் கழற்ற இவனுக்கு ஆள் விட்டிருந்தார். கிணறு, தோட்டம், படப்பு நிறைய வைக்கோல் என்று கொஞ்சம் தெம்பான சம்சாரி. அவர் கிணற்றில் இன்னும் முழங்கால் தண்ணீர் கிடந்தது. என்ஜினைப் போட்டால் பத்தே நிமிஷத்தில் காலியாகிவிடுகிறது, டீசல்தான் பாழ் என்று சொல்லிப் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய கமலையைத் தூசி தட்டிக் கட்டியிருந்தார். கமலைக்கு இன்னொரு மாடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியன் என்ஜினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் ஏற்றி வைக்கும்போது, மோட்டார் அறையின் மூலையில் பருத்திக்கு மருந்தடிக்கிற மிஷின் மூன்று கிடந்ததைப் பார்த்தான். முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிறது. பருத்தி போட்டு மூன்று வருஷமாகிவிட்டதால் குழாய்க்குள் எலி குட்டி போட்டிருந்தது. இவன் ஒன்றை எடுத்துத் துடைத்து, சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தான். ஏழாவது இழுப்பில் அது இருமியது. எட்டாவதில் அலறியது. தேங்காய் அளவு என்ஜினுக்கு அத்தனை உசிர்.

அந்த அலறலில் இவன் புத்தி பேதலித்துப் போனது என்று சௌந்தரம் பிற்பாடு சொல்லுவாள். மூன்று என்ஜினை வாங்கிக்கொண்டு வலத்துக்காளையை ஆண்டிச்சாமியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டான். வீட்டில் கேட்கவில்லை. கூட்டுக்காரனைக் கேட்கவில்லை. சைக்கிளுக்கு மோட்டார் வைக்கப் போகிறேன், அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் சைக்கிள் மிதிக்கிற யாவாரிகள் எத்தனை நூறு பேர், ஆளுக்கு ஒன்று செய்து கொடுத்தால் போதும் என்றான். சௌந்தரம் அன்றைக்குச் சோறு திங்கவில்லை, அவ்வளவுதான். மொக்கையன்தான் வந்து நின்று கேட்டான்.

“ஏலே மாப்ள, ஒன் காளை போச்சுன்னா என் காளை பாதிக் காளைதானலே. என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சா ஒனக்கு?”

“மழை பேயட்டும், அப்ப பாத்துக்கிருவோம்” என்று சங்கரபாண்டியன் சொன்னான். அது எப்போதும் நடக்கப்போவதில்லை என்கிற மாதிரியான குரலில் சொன்னான். மொக்கையன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

காலியான தொழுவமே பட்டறையானது. மூக்கணாங்கயிறு தொங்கிய முளையில் செயின் தொங்கியது. சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே, ஹாண்டில்பாருக்கு முன்னால், பட்டை இரும்பில் தாங்கி செய்து என்ஜினை உட்கார வைத்தான். என்ஜினின் தண்டில் அரம் வைத்து வரி போட்ட ஓர் இரும்பு உருளை. ஒரு கைப்பிடியை இறக்கினால் உருளை டயர்மேல் அழுந்தும். நாலு மிதி மிதித்து வேகம் எடுத்துக் கைப்பிடியை இறக்க வேண்டியதுதான், என்ஜின் பற்றிக்கொண்டு டயரை உருட்டிக்கொண்டு போய்விடும். முதல் சைக்கிளில் தாங்கி முறிந்தது. இரண்டாவதில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவை வளைந்து, ஓட்டிப் பார்த்த இவன் கருவேலஞ்செடிக்குள் போய் விழுந்து மூன்று நாள் முள் பிடுங்கினான். மூன்றாவது ஓடியது.

உருளைக்குப் பதிலாகச் செயின் வைத்திருக்கலாம். அது அவனுக்குத் தெரியாததல்ல. ஈரத்தில் உருளை வழுக்கும் என்பதும் தெரியும். ஆனால் செயினுக்கு வேலை ஜாஸ்தி, சாமான் ஜாஸ்தி. ஈரம்தான் எங்கே இருக்கிறது? புழுதியும் வெடிப்புமாகக் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு மழைக்கு வண்டி செய்கிறவன் கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டான். மூன்று வருஷப் பஞ்சம் மனுஷனுக்கு அப்படி ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

அந்த மூன்றாவது சைக்கிள் மதார் சாகிபுவுடையது. அருப்புக்கோட்டைக்காரர், ஐம்பத்திரண்டு வயது. சேலை, துண்டு, சிற்றாடை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் முப்பது வருஷமாக யாவாரம் பண்ணுகிறவர். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டது. மேட்டில் இறங்கித் தள்ளினாலே வீங்கிக்கொள்கிறது, வீட்டில் அப்ரோஸ் பேகம் தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டுகிறாள் என்று சொன்னார். தீபாவளி யாவாரம் முழுக்க இந்த வண்டியில் போய்ப் பார்க்கிறேன், ஓடிவிட்டால் என்னைப் போல மிதிக்கிற நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து அஞ்சு வண்டியாகச் செய்து கொடு என்று பேச்சு.

பத்து நாள் ஓடியது. ஓடியதென்றால் அப்படி ஓட்டம். சாகிபு காலையில் கிளம்பினால் நாலு ஊர் பார்த்த இடத்தில் ஒன்பது ஊர் பார்த்தார். சேலை சேலை என்று தெருத் தெருவாகக் கத்த வேண்டிய வேலையும் இல்லாமல் போனது, ஊர் எல்லையில் என்ஜின் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். புகை தாடிக்குள் வருகிறது என்று ஒரே ஒரு குறை சொன்னார். சங்கரபாண்டியன் புகைக்குழாயைக் கீழ்ப்பக்கம் வளைத்துக் கொடுத்தான். அந்தப் பத்து நாளும் அவன் தெருவில் நடந்த நடையே வேறு. சௌந்தரம்கூட ஒருநாள் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்து, மிச்சம் இரண்டு என்ஜினையும் எப்போது மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

பதினோராவது நாள் திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு மழை வந்தது.

சாகிபு வண்டியோடு திருச்சுழி ரோட்டுக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குப் போயிருந்தார். சங்கரபாண்டியன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேடிப் போனான். கரிசல் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிட்டிருந்தது. எடுத்து வைக்கிற காலோடு அரைப்படி மண் சேர்ந்து வந்தது. மூன்று மைல் போனபிறகு வண்டிப்பாதை நடுவில் சாகிபு தெரிந்தார். ரெக்சின் சுற்றிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டி பக்கத்தில் படுத்துக் கிடந்தது. முன்கவைக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் இருக்கிற இடமே தெரியவில்லை. உருளை டயரைத் தொடுவதற்குப் பதிலாக மண்ணைக் கடைந்து மண்ணையே பூசிக்கொண்டிருந்தது.

சங்கரபாண்டியன் ஒரு வேலங்குச்சியை ஒடித்து நோண்டினான். நோண்டி முடித்து நாலடி உருட்டினால் மறுபடி அப்பியது. மறுபடி நோண்டினான். குச்சி முறிந்தது. இன்னொன்று ஒடித்தான். அதுவும் முறிந்தபோது அவன் வாயில் வந்த வார்த்தை மழையையா, மண்ணையா, தன்னையா என்று அவனுக்கே தெரியாது.

“விடு தம்பி” என்றார் சாகிபு. “சாதாச் சைக்கிளே இந்த மண்ணுல போகாது. தூக்கு, ரோட்டுக்குப் போயிருவோம்.”

தூக்கினான். சாதாச் சைக்கிளாக இருந்தால் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். இதில் என்ஜின், இரும்பு, பெட்ரோல், அப்பிய மண் எல்லாம் சேர்ந்து ஓர் ஆள் கனம் கனத்தது. சாகிபு மூட்டையைச் சுமந்துகொண்டு, வழுக்கி வழுக்கி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தார். மழையில் தங்கள் புஞ்சையைப் பார்க்க வந்தவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் மொக்கையனும் நின்றான்.

“மாப்ள, இது பெட்ரோல் போட்டு ஓட்டுற வண்டியா, தோள்ல போட்டு ஓட்டுற வண்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருஷம் கழித்துச் சிரிக்கிறவர்கள், லேசில் நிறுத்தவில்லை. ரோட்டில் சாகிபுக்கு அருப்புக்கோட்டை பஸ் கிடைத்தது. ஏறும்போது, வண்டி உன்கிட்டவே இருக்கட்டும், பார்ப்போம் தம்பி என்றார். அந்தப் பார்ப்போமை சங்கரபாண்டியன் வழி முழுக்க மென்றுகொண்டே வந்தான். முடிந்துவிட்டது என்று அவனுக்குப் பட்டது. நாலு பேருக்குப் போய்ச் சொல்லுவார், வண்டி நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைச் சுமக்கணும் என்று.

வீட்டில் சௌந்தரம் கம்பு விதையைச் சுளகில் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கி, சாம்பல் கலந்து வேப்பிலை போட்டுப் பானையில் மூடி வைத்த விதை. ஆடியில் ஈரத்துணியில் பத்து விதை முடிந்து வைத்துப் பார்த்தாள், எட்டு முளைத்தது. புருஷன் தோளில் சைக்கிளோடு வந்து நின்ற கோலத்தைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“ஊரே சிரிச்சுக்கிட்டு நிக்கிது. நீங்க மட்டும் எழவு விழுந்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீக. மழையப் பாத்து ஒரு நல்ல வார்த்தை ஒங்க வாயில வரலையே” என்றாள். “காளையக் குடுத்தப்ப நான் ஒன்னும் கேக்கல. இப்பக் கேக்குறேன். நம்ம மண்ணு ரெண்டு நாளைக்கு மிதிக்க விடாது. அதுக்கப்புறம் மூணு நாலு நாளைக்குத்தான் ஈரம் நிக்கும். அதுக்குள்ள ஏரு பூட்டணும். எப்படின்னு சொல்லுங்க.”

அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டவும் ஆள் இல்லை. தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்து உருளையில் இருந்த மண்ணைச் சுரண்டினான்.

செவ்வாய்க்கிழமை இரவலுக்கு ஒரு வலத்துக்காளை தேடி நடந்தான். யார் வீட்டில் கேட்டாலும் ஒரே பதில். இந்த வாரத்தில் பெண்டாட்டியின் தாலியைக் கேட்டாலும் கழற்றிக் கொடுப்பான், காளையைக் கொடுக்க மாட்டான் என்று ஒருத்தன் சொல்லியே விட்டான். சாயங்காலம் மொக்கையன் பொறுக்க மாட்டாமல் தெற்குத்தெருவில் ஒரு கிழட்டு இடத்துக்காளையை ஒருமணி நேரத்துக்கு வாங்கி, மேட்டு நிலத்தில் தன் காளையோடு பூட்டிப் பார்த்தான். இரண்டும் இடம். இரண்டும் இடப்பக்கமே போக வேண்டும் என்று ஒன்றையொன்று நெருக்கின. கிழடு படுத்துவிட்டது. நுகத்தடியின் பூட்டாங்குச்சி முறிந்து தெறித்து மொக்கையனின் தாடையில் அடித்தது. தாடையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நாலு வார்த்தை வைது தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சங்கரபாண்டியனுக்கு.

புதன்கிழமை விடிந்ததும் ஸ்பானரை எடுத்தான். பூட்டாமல் கிடந்த இரண்டு என்ஜினையும் சாக்கில் போட்டான். மூன்றாவது சாகிபு வண்டியில் இருந்தது. மூன்றிலும் நல்லது அதுதான், தீயாக வேலை செய்யும். அதைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் குந்தியிருந்தான். சௌந்தரம் கம்மங்கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு என்ஜினுக்கே ஆண்டிச்சாமி இறங்கி வந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

பாலவனத்தத்தில் ஆண்டிச்சாமி தோட்டத்தில் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் நல்ல மழை. கிணற்றில் இரண்டு ஆள் தண்ணீர். பருத்தி போடப் போகிறாராம். வலத்துக்காளை மாட்டுக்கொட்டத்தில் நின்றது, பிட்டத்தில் சதை போட்டுப் பளபளவென்று இருந்தது. இவனைப் பார்த்ததும் காதைத் தூக்கியது.

“அண்ணாச்சி, மிஷினு பூராம் ஓடுற கண்டிசன்ல இருக்கு. ரெண்டு தாரேன். காளையக் குடுத்திருங்க” என்றான் இவன்.

ஆண்டிச்சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். யோசிக்கிற மாதிரி நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். பதில் அவரிடம் தயாராக இருந்தது.

“மூணும் வேணும்ப்பா. தை மாசம் பருத்திக்கு மருந்தடிக்காம முடியுமா? காளையத் திருப்பிக் கேக்காத, அது என் தீனி தின்னு தேறுன மாடு. வெதைப்புக்குக் கூட்டிட்டுப் போ. நாலு நாள் வச்சுக்கிரு. அஞ்சாம் நாள் இங்க கட்டுத்தறியில நிக்கணும்.”

மூன்று என்ஜினைக் கொடுத்துவிட்டு முழுக்காளையும் கிடைக்காது, நாலு நாள் காளைதான். சங்கரபாண்டியனுக்குத் தலை சூடேறியது. வெளியே போய் ரோட்டுவரை நடந்தான். விருதுநகர் பஸ் ஒன்று போனது. இரண்டு பக்கமும் புஞ்சைகளில் ஆட்கள் வரப்பு சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் பாடிக்கொண்டுகூட வேலை செய்தான். திரும்பி வந்து சாக்கை அவிழ்த்தான். ஆண்டிச்சாமி மூன்றையும் ஓட்டிக்காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக இழுத்தான். சாகிபு வண்டியின் என்ஜின் முதல் இழுப்பிலேயே பற்றி, தோட்டமெல்லாம் கேட்க அலறியது. ஆண்டிச்சாமிக்கு வாயெல்லாம் பல். தன் கையால் செய்த வேலை அத்தனை சுத்தமாக இருந்தது அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அன்று இரவு அங்கேயே மோட்டார் அறையில் படுத்திருந்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் காளையை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். பதினாறு மைல். புறப்பட்ட கொஞ்ச தூரத்துக்கு முரண்டு செய்த காளை, திசை புரிந்ததும் தானாகவே எட்டி நடை போட்டது. அருப்புக்கோட்டைக்குள் வரும்போது உச்சிப்பொழுது. சாகிபு வீட்டுத் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். பாய், வண்டியைப் பிரித்துவிட்டேன், மன்னிச்சுக்கோங்க என்று சொல்லலாம். ஆனால் எப்படியும் வேண்டாமென்று சொல்லப்போகிற மனுஷனிடம் போய் எதற்கு நிற்க வேண்டும்? துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காளையின் அந்தப் பக்கமாக மறைந்து, தெருவைக் கடந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏர் பூட்டினார்கள். முதலில் நம் புஞ்சைதான் என்று சங்கரபாண்டியன் நினைத்திருந்தான். சௌந்தரம் மொக்கையன் புஞ்சைக்குப் போகச் சொன்னாள். ஜோடியைப் பிரித்தது நாம், அவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டாள். ஈரம் போய்விடுமே என்றான். போனால் போகட்டும் என்றாள், ஆனால் அதைச் சொல்லும்போது அவள் விதைச்சுளகை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு காளைகளும் நுகத்தடியைக் கண்டதும் அதனதன் பக்கத்தில் தானாகப் போய் நின்றன. ஒன்றை ஒன்று முகர்ந்து பார்த்தன. மொக்கையன் அதைப் பார்த்துவிட்டு, நான்கு நாளில் முதல் தடவையாக இவனிடம் புகையிலை கேட்டான்.

சனிக்கிழமை இவன் புஞ்சை. மேலாகக் காய்ந்து கீழே புட்டுப்பதத்தில் இருந்தது மண். சௌந்தரம் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வீசி விதைத்துப் போக, பின்னாலேயே இவன் உழுதான். மூன்று ஏக்கரில் கால்வாசி முடிந்திருந்தது. பதினொரு மணி வாக்கில் வண்டிப்பாதையில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. மதார் சாகிபு. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையால் முழங்காலை அமுக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். இவன் ஏரை நிறுத்திவிட்டுப் பாதைக்குப் போனான்.

“நாலு பேருகிட்டயும் பேசியாச்சு தம்பி” என்றார் சாகிபு, மூச்சு வாங்கியபடி. “மழையில நின்னு போச்சுங்கிறதையும் மறைக்காமச் சொன்னேன். நம்ம ஊர்ல வருசத்துக்கு எத்தன நாள் மழை? மிஞ்சிப்போனா பத்து நாளு. அந்தப் பத்து நாளைக்கு பஸ்ஸுல போய்க்கிறோம். மிச்ச நாளைக்கு எங்களுக்கு வண்டி வேணும். அஞ்சும் செய்யி. பாதையெல்லாம் காஞ்சிருச்சு, என் வண்டிய இப்பவே குடு, தீபாவளி கிட்டக்க வந்திருச்சுல்ல.”

சங்கரபாண்டியனின் கையில் மாடு முடுக்குகிற தார்க்கம்பு இருந்தது. அதன் நுனியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். பிறகு சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சாகிபு நுகத்தில் நின்ற வலத்துக்காளையைத் திரும்பிப் பார்த்தார்.

“வேற என்ஜினு எங்கயும் அம்பிடாதா?”

“பருத்தி வெதைக்கிறாங்க பாய். இங்கருந்து விருதுநகர் வரைக்கும் மூலையில கெடந்த மிஷினையெல்லாம் எடுத்துத் தொடச்சு வச்சிருப்பாங்க. இனி ஒருத்தனும் குடுக்க மாட்டான்.”

“வியாழக்கிழமை நீ நம்ம தெருப் பக்கந்தான போயிருப்ப? ஒரு எட்டு உள்ள வந்திருக்கலாமேப்பா.”

வந்திருக்கலாம். என்ஜின் அதற்கு முன்பே போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் புதன்கிழமை காலையில் அதே அருப்புக்கோட்டை பஸ்ஸ்டாண்டில், சாக்கும் கையுமாகப் பாலவனத்தம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். சாகிபு வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். எழுந்து போய்க் கேட்டிருந்தால் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு ஆண்டிச்சாமியிடம் மல்லுக்கட்டியிருப்பான். சாகிபு சொன்ன ஒரு பார்ப்போமைத் தானே இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, தானே வாயை மூடிக்கொண்டு, தானே பிரித்துப் போட்டுவிட்டான்.

இருவரும் தொழுவத்துக்குப் போனார்கள். சாகிபு சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. முன்பக்கம் மட்கார்டு இல்லை, தாங்கி மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றித் தருகிறேன் என்று சங்கரபாண்டியன் ஸ்பானரைத் தேடினான்.

“இருக்கட்டும்ப்பா” என்றார் சாகிபு. “மூட்டையில சின்னது ஒன்ன முன்னாடி வச்சுக்கிருவேன்.”

அவர் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, ஒரு கல்மேல் காலை ஊன்றி ஏறினார். முதல் மிதியில் முகம் கோணியது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பைத் தூக்கித் தூக்கி, காய்ந்த வண்டிப்பாதையில் போனார். பாதை நன்றாகத்தான் காய்ந்திருந்தது. மோட்டார் இருந்தால் பறந்திருக்கும். சங்கரபாண்டியன் அவர் கருவேலங்காட்டுத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அழுகை வந்தது அவனுக்கு. எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

புஞ்சைக்குத் திரும்பி வந்தான். சௌந்தரம் விதைமடியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது, ஒரு பொழுது தாமதித்தாலும் மேல்மண் இறுகிவிடும். முகமெல்லாம் வேர்வையும் புழுதியுமாக இருந்தாலும் அவள் கண்ணில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது.

“பாயி எதுக்கு வந்தாரு? வண்டி வேணாம்னுட்டாரா?” என்று கேட்டாள்.

சங்கரபாண்டியன் மேழியைப் பிடித்துக் கொழுவை மண்ணில் ஊன்றினான். வலத்துக்காளையின் முதுகைத் தட்டினான்.

“மழை நல்லாப் பேஞ்சிருக்குன்னு சொல்லிட்டுப் போறாரு” என்றான். “நீ வெதைய வீசு.”